278–0: நாடாளுமன்றம் நிறைவேற்றியும் ஹேக் போய்ச் சேராத வழக்கு

2016 ஏப்ரல் 20 அன்று பிரிட்டன் நாடாளுமன்றத்தின் காமன்ஸ் சபையில் ஒரு தீர்மானம் வாக்கெடுப்புக்கு வந்தது. ஈராக்கிலும் சிரியாவிலும் யசீதிகள் (முக்கியமாக வடக்கு ஈராக்கில் வாழும் ஒரு தனி மதக் குழுவினர்), கிறிஸ்தவர்கள், பிற சிறுபான்மையினர் ஐ.எஸ். அமைப்பின் கையில் இனப்படுகொலைக்கு ஆளாகிறார்கள் என்று அது கூறியது. சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றத்துக்கு விசாரணை அதிகாரம் கிடைக்கும் வகையில், அரசு இந்த விவகாரத்தை உடனே ஐ.நா. பாதுகாப்புச் சபைக்குக் கொண்டுபோக வேண்டும் என்றும் கோரியது. ஆதரவு 278 வாக்குகள். எதிர்ப்பு ஒன்றுகூட இல்லை.

அரசுக்கு இதில் உடன்பாடில்லை. ஆனாலும் எதிர்த்து வாக்களிக்கவில்லை. அமைச்சர்கள் வாக்கெடுப்பிலிருந்து ஒதுங்கிக்கொண்டார்கள். அதன்பின் பாதுகாப்புச் சபையில் அப்படியொரு தீர்மானத்தை பிரிட்டன் முன்மொழியவும் இல்லை.

இதே காட்சி வெவ்வேறு நாடாளுமன்றங்களில், வெவ்வேறு போர்களைப் பற்றி, திரும்பத் திரும்ப அரங்கேறுகிறது. 'ஒருமனதாக நிறைவேறியது' என்று தலைப்புச் செய்தி வரும். சில மாதங்கள் கழித்து 'வழக்கு என்ன ஆனது?' என்று வாசகர் தேடினால் ஒன்றும் கிடைக்காது. ஏன் என்று பார்க்க வேண்டுமானால், யார் எந்தக் கதவைத் திறக்க முடியும் என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

## முதலில் சில சொற்கள்

நெதர்லாந்தின் ஹேக் நகரில் இரண்டு நீதிமன்றங்கள் இருக்கின்றன. செய்திகளில் இரண்டும் அடிக்கடி ஒன்றாகக் குழம்பிவிடுகின்றன.

சர்வதேச நீதிமன்றம் 1945இல் ஐ.நா. சாசனத்தின் வழியே அமைக்கப்பட்டது. 15 நீதிபதிகள். அங்கே வழக்காடுவது நாடும் நாடும். காசா தொடர்பாக இஸ்ரேல் மீது தென்னாப்பிரிக்கா 2023 டிசம்பரில் தொடுத்த வழக்கும், ரோஹிங்கியாக்களுக்காக மியான்மர் மீது காம்பியா 2019இல் தொடுத்த வழக்கும் இங்கேதான் நடக்கின்றன. இந்த நீதிமன்றம் யாரையும் சிறைக்கு அனுப்பாது.

சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றம் அதைவிட வயதில் இளையது. 1998இல் ரோம் நகரில் உருவான சாசனம் 2002 ஜூலை 1 அன்று நடைமுறைக்கு வந்தது. 18 நீதிபதிகள். இனப்படுகொலை, மனித குலத்துக்கு எதிரான குற்றங்கள், போர்க்குற்றங்கள், ஆக்கிரமிப்புக் குற்றம் ஆகிய நான்குக்காகத் தனிமனிதர்களை விசாரிப்பது இதன் வேலை. புதினுக்கு 2023 மார்ச்சில் பிடியாணை பிறப்பித்தது இதுதான்.

அடுத்தது, ஒரு விவகாரத்தை இந்த நீதிமன்றத்திடம் ஒப்படைக்கும் செயல். தமிழ்நாட்டுப் பத்திரிகைகள் பெரும்பாலும் இதைப் 'பரிந்துரை' என்று எழுதுகின்றன. பரிந்துரை என்றால் ஏற்கலாம், விடலாம் என்ற தொனி வந்துவிடுகிறது. ஈழத்து எழுத்தில் 'பாரப்படுத்தல்' என்கிறார்கள். அதுவே பொருத்தமான சொல்: பாரத்தை இறக்கி இன்னொருவர் பொறுப்பில் வைப்பது. அதிகாரம் உள்ளவர் பாரப்படுத்தினால் நீதிமன்றத்துக்கு இல்லாத அதிகாரமும் கிடைத்துவிடுகிறது. இந்தக் கட்டுரையில் அந்தச் சொல்லையே பயன்படுத்துகிறேன்.

## மூன்று கதவுகள்

ரோம் சாசனத்தின் 13ஆவது பிரிவு மூன்று வழிகளைத் தருகிறது.

1. உறுப்பு நாடு ஒன்று, அதாவது ரோம் சாசனத்தில் இணைந்த நாடு, பாரப்படுத்தலாம். தன் நாட்டில் நடந்ததையும் ஒப்படைக்கலாம், இன்னொரு உறுப்பு நாட்டில் நடந்ததையும் ஒப்படைக்கலாம். 2018இல் அர்ஜென்டினா, கனடா, கொலம்பியா, சிலி, பராகுவே, பெரு ஆகிய ஆறு நாடுகள் சேர்ந்து வெனிசுவேலா விவகாரத்தை ஒப்படைத்தன. வெனிசுவேலா உறுப்பு நாடு என்பதால் அது செல்லுபடியானது.

2. பாதுகாப்புச் சபை பாரப்படுத்தலாம். உறுப்பினர் அல்லாத நாட்டையும் விசாரணைக்குள் கொண்டுவரும் சக்தி இந்த வழிக்கு உண்டு. ஆனால் 15 வாக்குகளில் ஒன்பது வேண்டும். அமெரிக்கா, ரஷ்யா, சீனா, பிரிட்டன், பிரான்ஸ் ஆகிய ஐந்தில் எதுவும் வீட்டோ (தடுப்பு வாக்கு) செய்யக் கூடாது.

3. நீதிமன்றத்தின் தலைமை வழக்குத்தொடுநர் நீதிபதிகளின் அனுமதியோடு தானாகவே விசாரணையைத் தொடங்கலாம்.

முதல் வழிக்கும் மூன்றாவது வழிக்கும் ஒரு நிபந்தனை இருக்கிறது. குற்றம் உறுப்பு நாட்டு மண்ணில் நடந்திருக்க வேண்டும், அல்லது குற்றம்சாட்டப்பட்டவர் உறுப்பு நாட்டின் குடிமகனாக இருக்க வேண்டும். உறுப்பினராகாத நாடு, குறிப்பிட்ட விவகாரத்துக்கு மட்டும் நீதிமன்றத்தின் அதிகாரத்தை ஏற்பதாக அறிவிக்கவும் முடியும். உக்ரைன் 2014இலும் 2015இலும் அதைத்தான் செய்தது. அதனால்தான் 2022 மார்ச்சில் சில நாள்களுக்குள் 40க்கு நெருக்கமான நாடுகள் உக்ரைன் விவகாரத்தைப் பாரப்படுத்த முடிந்தது. ரஷ்யாவின் வீட்டோவைத் தாண்ட வேண்டிய தேவையே எழவில்லை.

இந்த மூன்றில் எதிலும் 'நாடாளுமன்றம்' என்ற சொல் இல்லை. நாடாளுமன்றம் தன் அரசைத்தான் தள்ள முடியும். அந்த அரசு நியூயார்க்கில் மற்ற நாடுகளைத் தள்ள வேண்டும். அவை ஒப்புக்கொண்ட பிறகே ஹேக்கில் ஒரு கோப்பு திறக்கும். பிரிட்டனில் வெளியுறவு அரசின் தனியுரிமையாகவே நடத்தப்படுகிறது. சாதாரண உறுப்பினர்கள் கொண்டுவரும் இத்தகைய தீர்மானம் சபையின் கருத்தைச் சொல்லும். அரசைச் சட்டப்படி கட்டுப்படுத்தாது.

## ஈராக், சிரியா: எல்லாக் கதவும் பூட்டு

ஈராக்கும் சிரியாவும் உறுப்பு நாடுகள் அல்ல. எனவே மண் வழியாக அதிகாரம் இல்லை. ஐ.எஸ். அமைப்பில் ஐரோப்பாவிலிருந்தும் பிற உறுப்பு நாடுகளிலிருந்தும் போய்ச் சேர்ந்தவர்கள் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள். அவர்களை விசாரிக்க முடியாதா? அப்போதைய வழக்குத்தொடுநர் ஃபாத்தூ பென்சூடா 2015 ஏப்ரலில் இதற்குப் பதில் சொன்னார். முடியும், ஆனால் அமைப்பின் தலைமை பெரும்பாலும் ஈராக்கியர், சிரியர் கையில் இருக்கிறது. பெரும்பொறுப்பு உள்ளவர்களை எட்டுவதற்கு இந்தச் சட்ட அடித்தளம் மிகக் குறுகலானது என்றார்.

மிஞ்சியது பாதுகாப்புச் சபை. அங்கும் ஒரு முன்கதை இருந்தது. சிரியா விவகாரத்தைப் பாரப்படுத்த பிரான்ஸ் எழுதிய வரைவு 2014 மே 22 அன்று வாக்கெடுப்புக்கு வந்தபோது 13 நாடுகள் ஆதரித்தன. ரஷ்யாவும் சீனாவும் வீட்டோ செய்தன. யசீதிகள் மீது ஈராக்கின் சிஞ்சாரில் தாக்குதல் தொடங்கியது அதற்கு இரண்டரை மாதம் கழித்து, ஆகஸ்ட் 3 அன்று.

## அரசு என்ன சொன்னது?

2016 விவாதத்தில் அரசுத் தரப்பில் பதிலளித்தவர் வெளியுறவுத் துறையின் இளநிலை அமைச்சர் டோபியாஸ் எல்வுட். இனப்படுகொலை நடந்திருப்பதாகத் தாம் தனிப்பட்ட முறையில் நம்புவதாக அவரே கூறினார். ஆனால் அரசு அப்படிச் சொல்லாது என்றார். நடந்த கொடுமையை அந்தச் சபையில் ஒருவரும் மறுக்கவில்லை என்பதை இங்கே கவனிக்க வேண்டும். பிரிட்டன் அரசுகள் ஆண்டாண்டுகளாக இரண்டு வாதங்களை வைத்தே இத்தகைய கோரிக்கைகளை எதிர்கொள்கின்றன.

1. 'இனப்படுகொலை' என்பது சட்டச் சொல். அதைத் தீர்மானிக்க வேண்டியது தகுதியுள்ள நீதிமன்றம், அரசியல்வாதிகள் அல்ல.

2. பாதுகாப்புச் சபையில் கொண்டுபோனால் தோற்கும். தோற்கும் தீர்மானம் குற்றவாளிக்குத்தான் தெம்பு தரும்.

## முதல் வாதத்தில் ஒரு வட்டம்

முதல் வாதத்தில் நியாயம் இருக்கிறது. 1948ஆம் ஆண்டின் இனப்படுகொலைத் தடுப்பு உடன்படிக்கை, செத்தவர்களின் எண்ணிக்கையை அளவுகோலாக வைக்கவில்லை. ஒரு தேசிய, இன, நிற அல்லது மதக் குழுவை, அது அந்தக் குழு என்பதற்காகவே, முழுமையாகவோ பகுதியாகவோ அழிக்கும் நோக்கம் இருக்க வேண்டும். கொலை செய்ததை நிரூபிப்பது ஒரு வேலை. உள்ளே இருந்த நோக்கத்தை நிரூபிப்பது வேறு வேலை. அதற்குச் சாட்சியம், குறுக்கு விசாரணை, ஆவணம் எல்லாம் வேண்டும். கை தூக்கி வாக்களித்து முடிவு செய்ய முடியாது.

ஆனால் அந்த வாதத்தைக் கொஞ்சம் தொடர்ந்து போய்ப் பாருங்கள். நீதிமன்றம்தான் சொல்ல வேண்டும் என்கிறது அரசு. எந்த நீதிமன்றம்? குற்றவியல் நீதிமன்றத்துக்கு அதிகாரம் இல்லை. அதிகாரம் எப்படிக் கிடைக்கும்? பாதுகாப்புச் சபை பாரப்படுத்தினால். அங்கே யார் கொண்டுபோவது? அரசு. ஏன் கொண்டுபோகவில்லை? நீதிமன்றம் இன்னும் சொல்லவில்லை. செக்குமாடு சுற்றுவதுபோல் புறப்பட்ட இடத்துக்கே வந்துவிடுகிறோம்.

சட்டப்படியும் இந்த வட்டம் பலவீனமானது. போஸ்னியா, செர்பியா வழக்கில் சர்வதேச நீதிமன்றம் 2007 பிப்ரவரியில் தந்த தீர்ப்பு ஒன்றைத் தெளிவாக்கியது. இனப்படுகொலையைத் தடுக்கும் கடமை, அது நடந்ததாகத் தீர்ப்பு வந்த பிறகு பிறப்பதில்லை. கடுமையான அபாயம் இருக்கிறது என்று ஒரு நாடு அறிந்த கணத்திலேயே, அல்லது அறிந்திருக்க வேண்டிய கணத்திலேயே பிறந்துவிடுகிறது. தீர்ப்புக்காகக் காத்திருப்பவர் தடுப்பவராக இருக்க முடியாது. மேலும், பாரப்படுத்துவதற்கு 'இனப்படுகொலை' என்ற முத்திரை தேவையே இல்லை. மனித குலத்துக்கு எதிரான குற்றம், போர்க்குற்றம் என்று சொல்லியும் பாரப்படுத்தலாம். தீர்மானத்தை எழுதியவர்கள் அந்த ஒற்றைச் சொல்லை முன்வைத்ததால் அரசுக்கு ஒதுங்க ஒரு நிழல் கிடைத்தது என்றே நினைக்கிறேன்.

இந்த வட்டத்தை உடைக்க நாடாளுமன்றத்திலேயே ஒரு முயற்சி நடந்தது. அவ்வளவாகப் பேசப்படாத கதை அது. வர்த்தக மசோதாவில் ஒரு திருத்தம் சேர்க்கப்பட்டது: வணிக ஒப்பந்தம் செய்யும் நாடு இனப்படுகொலை செய்கிறதா என்பதைப் பிரிட்டனின் உயர் நீதிமன்றமே முடிவு செய்யலாம். நீதிமன்றம்தான் சொல்ல வேண்டும் என்றீர்கள், இதோ உங்கள் நீதிமன்றம் என்பது அதன் உட்பொருள். பின்னணியில் இருந்தது சீனாவில் உய்குர் முஸ்லிம் சிறுபான்மையினர் நடத்தப்படும் விதம். 2021 ஜனவரி 19 அன்று காமன்ஸ் சபை அதை 319க்கு 308 என்ற கணக்கில் தள்ளுபடி செய்தது. அரசுக்கு எதிராக அதன் சொந்தக் கட்சியினரே பலர் வாக்களித்தும் 11 வாக்கு குறைந்தது. எந்த நீதிமன்றத்தைக் கேட்கிறோம் என்பதில்தான் சிக்கலே என்பது அன்று வெளிப்பட்டது.

## இரண்டாவது வாதம்: தோற்கத் தெரிந்தே கொண்டுபோகலாமா?

இதை எளிதில் ஒதுக்க முடியாது. பாதுகாப்புச் சபை இதுவரை இரண்டே முறை பாரப்படுத்தியிருக்கிறது.

சூடானின் டார்ஃபூர் முதலாவது: 2005 மார்ச் 31, தீர்மானம் 1593. ஆதரவு 11, எதிர்ப்பு இல்லை. அல்ஜீரியா, பிரேசிலோடு அமெரிக்காவும் சீனாவும் வாக்களிக்காமல் ஒதுங்கின. இந்த நீதிமன்றத்தின் மீது வெளிப்படையான வெறுப்பு காட்டிய புஷ் அரசே அன்று வீட்டோவைப் பயன்படுத்தவில்லை. வல்லரசுகள் மனம் மாறவே மாறாது என்று முன்கூட்டியே முடிவு கட்டுவது தவறு என்பதற்கு இதைவிட நல்ல சான்று இல்லை.

லிபியா இரண்டாவது: 2011 பிப்ரவரி 26, தீர்மானம் 1970. கிளர்ச்சி தொடங்கிச் சில நாள்களிலேயே 15 நாடுகளும் ஆதரித்தன. அப்போது சபையில் இடம்பெற்றிருந்த இந்தியாவும் ஆதரித்தது.

பாரப்படுத்திய பின் என்ன நடந்தது என்பது வேறு கதை. இரண்டு தீர்மானங்களும் செலவை ஐ.நா. ஏற்காது என்று எழுதிவைத்தன. சூடான் அதிபர் பஷீருக்கு 2009இல் பிடியாணை வந்தது. அவர் அதன் பிறகும் பல நாடுகளுக்குப் பயணம் போனார், யாரும் கைது செய்யவில்லை. ஒப்படைத்த பாதுகாப்புச் சபையே பின்னர் திரும்பிப் பார்க்காததால், 2014 டிசம்பரில் பென்சூடா டார்ஃபூர் விசாரணைகளைக் கிடப்பில் போடுவதாக அந்தச் சபையிடமே சொல்ல வேண்டியதாயிற்று. டார்ஃபூர் தொடர்பான முதல் தண்டனைத் தீர்ப்பு 2025இல்தான் வந்தது. பாரப்படுத்தி இருபது ஆண்டுகள் கழித்து.

ஆகவே 'தோற்றாலும் கொண்டுபோ' என்பவர்கள் வீட்டோ செய்பவரின் பெயர் ஆவணத்தில் ஏறட்டும் என்கிறார்கள். 'வேண்டாம்' என்பவர்கள், ஒருமுறை தோற்றால் அதையே காரணம் காட்டி அடுத்த சிறிய நடவடிக்கையும் தடுக்கப்படும் என்கிறார்கள். எனக்கு முதல் தரப்பின் பக்கம்தான் சாய்வு. ஆனால் 2014 சிரியா வீட்டோவால் மாஸ்கோவுக்கோ பெய்ஜிங்குக்கோ பெரிய விலை எதுவும் கொடுக்க நேரவில்லை என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

## விவாதத்தில் அதிகம் பேசப்படாத ஒன்று

ரோம் சாசனத்தின்படி பாரப்படுத்தப்படுவது ஒரு 'நிலைமை'. ஒரு குற்றவாளியின் பெயரையோ ஒரு தரப்பையோ மட்டும் ஒப்படைக்க முடியாது. உகாண்டா அரசு 2003 டிசம்பரில் ஒரு கிளர்ச்சிப் படையின் பெயரை மட்டும் சொல்லி விவகாரத்தை ஒப்படைத்தபோது, வடக்கு உகாண்டாவின் நிலைமை முழுவதையும் பார்ப்பதாகவே வழக்குத்தொடுநர் எடுத்துக்கொண்டார்.

ஐ.எஸ். மீதான பாரப்படுத்தலும் அப்படித்தான் விரிந்திருக்கும். அப்போதைய சிரிய அதிபர் அசாத்தின் படைகள், ஈராக் படைகள், குர்திஷ் குழுக்கள், மேலே பறந்த விமானங்கள் எல்லாம் அந்த 'நிலைமை'க்குள் வரக்கூடும். பிரிட்டன் விமானங்கள் சிரியாவில் குண்டு வீச இதே காமன்ஸ் சபை 2015 டிசம்பர் 2 அன்று 397க்கு 223 என்று அனுமதி தந்திருந்தது. பிரிட்டன் உறுப்பு நாடு என்பதால் அதன் வீரர்கள் ஏற்கெனவே நீதிமன்றத்தின் எல்லைக்குள்தான் இருந்தார்கள். புதிதாக அஞ்ச வேண்டியது குறைவு. உறுப்பினர் அல்லாத அமெரிக்காவுக்கு அப்படியில்லை. அதனால்தான் டார்ஃபூர், லிபியா தீர்மானங்களில் வெளிநாட்டுப் படைகளுக்கு விலக்கு தரும் பத்தி ஒன்று சேர்க்கப்பட்டது. ஒரு தரப்பை மட்டும் கூண்டில் நிறுத்த விரும்பிப் பாரப்படுத்தலைக் கேட்பவர், தன் தரப்பும் அந்த வாசலில் நிற்க நேரலாம் என்பதை அறிந்தே கேட்க வேண்டும்.

## பிறகு என்ன நடந்தது?

2016 ஜூனில், சிரியா பற்றிய ஐ.நா. விசாரணை ஆணைக்குழு, யசீதிகளுக்கு எதிராக ஐ.எஸ். இனப்படுகொலை செய்கிறது என்று முடிவு கூறியது. அது நீதிமன்றம் அல்ல என்று பிரிட்டன் அரசு தன் நிலைப்பாட்டிலேயே நின்றது.

2017 செப்டம்பரில் பிரிட்டன் வேறொரு தீர்மானத்தைக் கொண்டுவந்தது. தீர்மானம் 2379 ஒருமனதாக நிறைவேறி, ஈராக்கில் ஐ.எஸ். குற்றங்களின் சாட்சியங்களைத் திரட்ட ஒரு குழு அமைந்தது. அது 2024 செப்டம்பர் வரை இயங்கியது. கேட்டது நீதிமன்றம், கிடைத்தது கோப்பறை. ஆனாலும் அதை வெறும் ஆறுதல் பரிசு என்று தள்ள மாட்டேன். சாட்சியம் அழிந்துபோனால் எந்த நீதிமன்றம் திறந்தும் பயனில்லை.

திருப்பம் வந்தது ஜெர்மனியிலிருந்து. எங்கே நடந்தாலும், யார் செய்தாலும் இனப்படுகொலையை ஜெர்மன் நீதிமன்றங்கள் விசாரிக்கலாம் என்று 2002ஆம் ஆண்டின் அந்நாட்டுச் சட்டம் சொல்கிறது. இதற்குப் பெயர் உலகளாவிய நீதி அதிகாரம். குற்றம் நடந்தது ஈராக்கின் ஃபலூஜாவில். குற்றவாளி ஈராக்கியர், ஐ.எஸ். உறுப்பினர். பிடிபட்டது கிரேக்கத்தில். வெயிலில் கட்டிவைக்கப்பட்டு ஐந்து வயது யசீதிச் சிறுமி இறந்த அந்த வழக்கில், பிராங்பர்ட் நீதிமன்றம் 2021 நவம்பர் 30 அன்று இனப்படுகொலைக் குற்றத்துக்காக ஆயுள் தண்டனை விதித்தது. மேல்முறையீட்டிலும் தீர்ப்பு நிலைத்தது.

அதை ஆதாரமாகக் காட்டியே 2023 ஆகஸ்ட் 1 அன்று, யசீதிகளுக்கு எதிராக ஐ.எஸ். இனப்படுகொலை செய்தது என்று பிரிட்டன் அரசு முறைப்படி ஒப்புக்கொண்டது. 278 உறுப்பினர்கள் சொன்னபோது ஏற்காததை, ஏழு ஆண்டுகள் கழித்து ஒரு ஜெர்மன் நீதிமன்றம் சொன்னபோது ஏற்றது. கொள்கை மாறவில்லை என்று அரசு பெருமையாகச் சொல்லிக்கொள்ளலாம். பிரிட்டனின் 2001ஆம் ஆண்டுச் சட்டமோ, தன் குடிமக்களையும் தன் நாட்டில் வசிப்பவர்களையும் மட்டுமே இத்தகைய குற்றங்களுக்காக விசாரிக்க இடம் தருகிறது.

## இலங்கைக்கு இது எப்படிப் பொருந்தும்?

தமிழ் வாசகர்களுக்கு இந்தக் கேள்வி இந்நேரம் எழுந்திருக்கும். இலங்கையும் உறுப்பு நாடு அல்ல. நீதிமன்றத்தின் அதிகாரம் 2002 ஜூலைக்கு முன் போகாது என்பதால் 1983 அதற்குள் வராது, 2009 வரும். விவகாரத்தைப் பாரப்படுத்தும் திசையில் நாடுகள் நகரலாம் என்று ஐ.நா. மனித உரிமை ஆணையர் மிச்செல் பச்செலெட் 2021 ஜனவரி அறிக்கையில் எழுதினார். பிரிட்டன் நாடாளுமன்றத்தில் தமிழர்கள் வாழும் தொகுதிகளின் உறுப்பினர்கள் இதைக் கேட்கும்போதெல்லாம் அரசு சொல்வது யசீதிகள் விவகாரத்தில் சொன்ன இரண்டாவது வாதம்தான்: பாதுகாப்புச் சபையில் போதிய ஆதரவு இல்லை. கனடாவின் மக்கள் சபை 2022 மே 18 அன்று, அந்த நாளைத் தமிழர் இனப்படுகொலை நினைவு நாளாக ஏற்கும் தீர்மானத்தை ஒருமனதாக நிறைவேற்றியது. அதுவும் ஹேக்கில் எந்தக் கோப்பையும் திறக்கும் தன்மையுடையது அல்ல.

பாதுகாப்புச் சபையைச் சுற்றிப் போகும் ஒரு சந்து மட்டும் இருக்கிறது. மியான்மர் உறுப்பு நாடு அல்ல. ஆனால் ரோஹிங்கியாக்கள் விரட்டப்பட்டு வந்து சேர்ந்த வங்கதேசம் உறுப்பு நாடு. நாடு கடத்தல் என்ற குற்றம் எல்லையைத் தாண்டும் கணத்தில்தான் முழுமையடைகிறது. எனவே அதன் ஒரு பகுதி உறுப்பு நாட்டு மண்ணில் நடந்துவிட்டது என்று நீதிபதிகள் 2018 செப்டம்பரில் முடிவு செய்தார்கள். 2019 நவம்பரில் விசாரணைக்கும் அனுமதி தந்தார்கள். இதே தர்க்கத்தை வைத்து, இலங்கையிலிருந்து தப்பிப் பிரிட்டன் போய்ச் சேர்ந்த தமிழர்கள் சார்பில் 2021இல் வழக்குத்தொடுநரிடம் ஒரு முறையீடு அளிக்கப்பட்டது. பிரிட்டன் உறுப்பு நாடு என்பதே அதன் பிடிமானம். பாக் நீரிணையைக் கடந்து இந்தியாவில் கரையேறியவர்களுக்கு இந்த வழி இல்லை. இந்தியா ரோம் சாசனத்தில் கையெழுத்திடவில்லை.